களவு கொடுத்தவர் சொல்

"இரவு எங்கள் வீட்டில் திருடன் புகுந்துவிட்டான்" என்று ஒருவர் வந்து சொன்னால், அவரிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது என்ன? "உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்பதுதான். நம் பெரியவர்கள் அப்படித்தான் கேட்டார்கள். பொருள் போனால் போகிறது, பிள்ளைகள் நலமா என்பார்கள். என்ன போயிற்று, எப்படிப் போயிற்று என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகே. இன்று அந்த முதற் கேள்வி நம் நாவிலிருந்து நழுவிவிட்டது. அது இருந்த இடத்தில் "உண்மையாகவா?" என்ற வேறொரு கேள்வி வந்து அமர்ந்திருக்கிறது.

2025ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், விடிவதற்கு முன், மும்பை பாந்திராவில் உள்ள நடிகர் சைஃப் அலீ கானின் அடுக்குமாடி இல்லத்தில் ஓர் ஆள் புகுந்தான். இளைய மகனின் அறையில் அவனைக் கண்ட பணிப்பெண் கூச்சலிட்டார். அவன் ஒரு கோடி ரூபாய் கேட்டான் என்பது அப்பெண் போலீஸாரிடம் கூறியது. தடுக்க வந்த நடிகருக்கு ஆறு இடங்களில் கத்திக்குத்து விழுந்தது. ஓர் ஆட்டோவில் ஏறி அவர் லீலாவதி மருத்துவமனைக்குச் சென்றார். முதுகெலும்பின் அருகே தைத்து நின்ற கத்தித் துண்டை மருத்துவர்கள் அறுவை செய்து எடுத்தார்கள். 21ஆம் நாள் வீடு திரும்பினார். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, நிமிர்ந்து நடந்து வந்து, கூடியிருந்தோரை நோக்கிக் கையசைத்தார்.

அந்த நடைதான் அவருக்கு வினையாயிற்று. ஐந்தே நாளில் இத்தனை நலம் எப்படி என்று சிவசேனைத் தலைவர்களுள் ஒருவரான சஞ்சய் நிருபம் வினவினார். மராட்டிய மாநில அமைச்சர் நிதேஷ் ராணே, இவர் உண்மையிலேயே குத்துப்பட்டாரா அல்லது நடிக்கிறாரா என்று தமக்கு ஐயமாக இருப்பதாக மேடையிலேயே பேசினார். அவ்வையத்துள் அந்த நடிகரின் பெயருக்கும் மதத்துக்கும் எவ்வளவு பங்கு என்பதை வாசகர்கள் அறியாதவர்கள் அல்லர்.

ஆயினும் அமைச்சர் ஒருவரை மட்டும் குறை கூறிக் கைகழுவிக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை. ஃபஜ்ரு தொழுதபின் பட்டினச்சேரிக் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவது நம் வழக்கம். படகுகள் கரையேறும் நேரம். தேநீர்க் கடையில் கூட்டம் இருக்கும். அந்த வாரத்தில் ஒருநாள் ஓர் இளைஞர் கைப்பேசியில் அந்தக் காட்சியைக் காட்டி, "அஜ்ரத், குத்துப்பட்டவன் நடக்கிற நடையா இது?" என்றார். அங்கிருந்தோரில் முஸ்லிமும் இருந்தார், மீனவரும் இருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம்.

அறுவை முடிந்தவரை மறுநாளே எழுப்பி நடக்க வைப்பது இக்கால மருத்துவமனைகளில் உள்ள வழக்கம். குடல்வால் அறுக்கப்பட்ட நம் தெருப் பிள்ளையைக்கூட அடுத்த நாள் செவிலியர் கைபிடித்து நடக்கவைத்ததை நாம் நேரில் கண்டிருக்கிறோம். எந்தச் செவிலியரைக் கேட்டாலும் விடை கிடைத்திருக்கும். அந்தக் கடையில் இருந்த ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஏனென்றால் எங்களுக்குத் தேவைப்பட்டது விடையன்று.

ஐயம் எல்லாம் ஒரே இனம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அது பிழை. எழுந்து சென்று விசாரிக்கும் ஐயம் ஒன்று. உட்கார்ந்த இடத்திலேயே தின்று கொழுக்கும் ஐயம் மற்றொன்று. திருமறையின் 'ஹுஜுராத்' அத்தியாயத்தில் இரண்டும் அருகருகே பேசப்படுகின்றன. ஆறாம் வசனம், நம்பத்தகாதவன் ஒரு செய்தி கொண்டுவந்தால் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு ஏவுகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்கிறது. இதுவே தபய்யுன். பன்னிரண்டாம் வசனம், எண்ணங்களில் பலவற்றை விட்டு விலகச் சொல்கிறது. அவற்றுள் சில பாவம் என்கிறது. இது ளன்னு. முதலாவது ஒரு வேலை. செய்கிறவனுக்கு நேரமும் உழைப்பும் செலவாகும்; தன் எண்ணம் தவறென்று தெரிந்தால் திரும்பி வந்து ஒப்புக்கொள்ளும் கடனும் உண்டு. இரண்டாவதற்குக் காலணாச் செலவில்லை. அதன் விலையை வேறொருவர் கொடுக்கிறார்.

"அவர்கள் நடிகர்கள், நடிப்பே தொழிலாக உடையவர்கள், அவர்களை எப்படி நம்புவது?" என்று கேட்கப்படலாம். இக்கேள்வியை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வதாயின், நடிகரையும் விட்டுவிட்டு, தம் வாழ்க்கையையே காட்சியாக்கி விற்பவர்களிடம் செல்ல வேண்டும். தொலைக்காட்சியில் இப்போது அப்படி ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் உண்பது, உறங்குவது, கணவன் மனைவி சண்டை, பிள்ளைப்பேறு எல்லாம் காமிராவின் முன் நடைபெறும். அவ்வகையில் உலகப் புகழ் பெற்றவர் அமெரிக்காவின் கிம் கர்தாஷியான். 2007 முதல் 2021 வரை அவர் குடும்பத்தின் அன்றாட வாழ்க்கை ஒரு தொடராக ஓடியது.

பாரிஸ் நகரச் செய்தி காரைக்காலுக்கு அயலூர்ச் செய்தியன்று. 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண் இது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்று அங்கேயே வாழும் உறவினர் இல்லாத தெரு இங்கே குறைவு. 2016 அக்டோபர் 3ஆம் நாள் அதிகாலையில் அந்நகரில் கிம் தங்கியிருந்த இடத்தில் போலீஸ் உடுப்பணிந்த கொள்ளையர் புகுந்து, அவரைத் துப்பாக்கி முனையில் கட்டி, குளியலறையில் போட்டுவிட்டு, ஏறத்தாழ ஒரு கோடி டாலர் பெறுமான நகைகளோடு சென்றுவிட்டனர் என்ற செய்தி வந்தபோது, அங்கிருந்து தொலைபேசியில் பேசிய நம்மவர்களே, "எல்லாம் விளம்பரம்" என்று சொல்லிச் சிரித்தார்கள். உலகமெங்கும் அதே பேச்சு. காப்பீட்டுப் பணத்துக்காகச் செய்த நாடகம் என்றும் எழுதினார்கள். அப்படி எழுதிய ஒரு செய்தித்தளத்தின்மேல் அவர் அந்த மாதத்திலேயே வழக்குத் தொடுக்க வேண்டியதாயிற்று.

நடந்தது என்ன? 2017 ஜனவரியில் பிரெஞ்சுப் போலீஸார் ஆட்களைப் பிடித்தார்கள். அவரைக் கட்டிய கட்டில் கொள்ளையருள் முதியவர் ஒருவரின் மரபணுத் தடயம் இருந்தது. 2025 ஏப்ரல் 28ஆம் நாள் பாரிஸ் நீதிமன்றத்தில் பத்துப் பேர்மீது விசாரணை தொடங்கி, மே 23ஆம் நாள் தீர்ப்பாயிற்று. எட்டுப் பேர் குற்றவாளிகள், இருவர் விடுதலை. முதன்மைக் குற்றவாளிக்கு எட்டாண்டு, அதில் ஐந்தாண்டு நிறுத்திவைப்பு. குற்றவாளிகளுள் பலர் முதியவர்கள், நோயாளிகள். முன்பே சிறையில் கழித்த காலத்தைக் கழித்துவிட்டதால் ஒருவரும் மீண்டும் சிறை செல்லவில்லை. அம்முதியவர் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதியிருந்தார். சாட்சியம் கூறவந்த கிம், மன்னித்துவிட்டதாக அவரிடம் நேருக்கு நேர் கூறினார். ஆனால் அன்று பட்ட அச்சம் அதனால் மாறிவிடாது என்றும் சொன்னார்.

கொள்ளையடித்தவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். சிரித்தவர்களில் எவரும் கேட்டதாக நாம் அறியோம்.

அணிகலன்களை ஊரெல்லாம் பார்க்கக் காட்டினால் கள்வன் வராமல் என்ன செய்வான் என்று சொல்வாரும் உண்டு. பகட்டு நமக்கும் பிடித்ததன்று; அப்பெண்மணியின் வாழ்க்கை முறையில் நாம் ஏற்கத்தக்கதும் அதிகமில்லை. எனினும் ஃபிக்ஹு நூல்களில் திருட்டைப் பற்றிய பாடத்தை ஓதியவர்களுக்கு 'ஹிர்ஸ்' என்ற சொல் நினைவிருக்கும். பொருள் உரிய காப்பில் இருந்ததா, வெட்டவெளியில் கிடந்ததா என்று இமாம்கள் நுணுகி ஆராய்கிறார்கள். வீடு ஒரு காப்பு. பெட்டி ஒரு காப்பு. காவலாள் ஒரு காப்பு. பொருளுக்குடையவர் அடக்கமானவரா, ஆடம்பரக்காரரா என்று எந்த மத்ஹபிலும் கேட்டதாக நாம் ஓதியதில்லை, ஓதிக்கொடுத்ததுமில்லை.

களவு கொடுத்தவரை ஊர் ஐயுற்ற நிகழ்ச்சி மதீனாவிலேயே நடந்திருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் வாழ்ந்திருந்த காலத்திலேயே நடந்திருக்கிறது. திர்மிதீயில் பதிவாகியுள்ள அந்த வரலாறு நம் மேடைகளில் ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை. பேரீச்சம்பழமும் வாற்கோதுமையுமே மக்களின் உணவாயிருந்த காலம். ஷாம் நாட்டு வணிகர் வெள்ளை மாவு கொண்டுவந்தால், வசதியுள்ளவர் தமக்கென்று சிறிது வாங்கிவைப்பார். ரிஃபாஆ இப்னு ஜைத் (ரலி) என்னும் முதியவர் அப்படி ஒரு சுமை வாங்கி மேல் அறையில் வைத்தார். அங்கே அவருடைய கவசமும் வாளும் இருந்தன. ஓர் இரவு அறை துளைக்கப்பட்டு, மாவும் ஆயுதங்களும் களவு போயின. காலையில் அவர் தம் உடன்பிறந்தார் மகனாகிய கத்தாதா இப்னு நுஃமான் (ரலி) அவர்களிடம் வந்து முறையிட்டார். அண்டை அயலில் கேட்டபோது, பனூ உபைரிக் என்னும் குடும்பத்தார் வீட்டில் அந்த இரவு அடுப்பெரிந்தது என்றார்கள்.

அக்குடும்பத்தாரோ பழியை லபீது இப்னு ஸஹ்ல் (ரலி) என்னும் நல்லவர்மேல் போட்டார்கள். அவர் வாளை உருவிக்கொண்டு வந்ததும் பின்வாங்கினார்கள். கத்தாதா பெருமானாரிடம் செய்தியைக் கூறினார். அதற்குள் பனூ உபைரிக்கின் உறவினர் கூட்டமாகச் சென்று, "நல்ல முஸ்லிம்களான எங்கள் வீட்டார்மீது சாட்சியின்றித் திருட்டுப் பழி சுமத்துகிறார்கள்" என்று முறையிட்டுவிட்டனர். நன்மக்கள் என்று பேர் பெற்ற குடும்பத்தார்மேல் ஆதாரமின்றிக் குற்றம் சாட்டலாமா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கத்தாதாவைக் கேட்டார்கள். தம் செல்வத்தில் ஒரு பகுதி போயிருந்தாலும் தாழ்வில்லை, இதைப் பேசாமல் இருந்திருக்கலாமே என்று அவர் நொந்துகொண்டு திரும்பினார். பெரிய தந்தை என்னவாயிற்று என்று கேட்டார். நடந்ததைச் சொன்னார். அம்முதியவர், அல்லாஹ்விடமே உதவி தேட வேண்டும் என்ற பொருளில் இரண்டே சொற்கள் சொல்லிவிட்டு மௌனமானார்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். பெருமானார் கேட்டது, பிறர்மேல் சாட்டிய குற்றத்துக்கு ஆதாரம். அது நீதி, வாதிடுபவரே சான்று காட்ட வேண்டும் என்பது அவர்கள் வகுத்த நெறி. ஆனால் 'உம் வீட்டில் களவே நடக்கவில்லை, நீர் கதை கட்டுகிறீர்' என்று அந்த முதியவரிடம் அவர்கள் சொல்லவில்லை. இன்னார் திருடினார் என்பதற்குச் சான்று வேண்டும். என் பொருள் போயிற்று என்று கலங்கி நிற்பவரைப் பொய்யர் என்பதற்கும் சான்று வேண்டும். முதலாவதை நாம் வாய்ப்பாடாக வைத்திருக்கிறோம். இரண்டாவதை மறந்துவிட்டோம்.

நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனத்திலிருந்து சில வசனங்கள் அச்சமயத்தில் இறங்கின. மோசக்காரர்களுக்காக வாதாடுதல் தகாது என்றும், தான் செய்த குற்றத்தைக் குற்றமற்றவர்மேல் எறிகிறவன் பெரும் பழியைச் சுமக்கிறான் என்றும் அவை அறிவித்தன. பழி சுமத்தப்பட்டவர் ஒரு யூதர் என்றும், அவரைக் காக்கவே வானிலிருந்து தீர்ப்பு வந்தது என்றும் வேறு அறிவிப்புகள் தஃப்ஸீர் நூல்களில் உள்ளன. ஆயுதங்கள் திரும்ப வந்தன. ரிஃபாஆ அவற்றை அல்லாஹ்வின் பாதையில் கொடுத்துவிட்டார்.

அவ்வரலாற்றில் எம்மை உலுக்கிய வரி இதுவன்று. கத்தாதா தம்மைப் பற்றித் தாமே ஒன்று சொல்கிறார். தம் பெரிய தந்தையின் ஈமானில் ஏதோ பழுது இருப்பதாகவே அதுவரை எண்ணியிருந்தாராம். ஆயுதங்களை அவர் கொடுத்தபோதுதான் அந்த ஈமான் செம்மையானது என்று தெளிந்தாராம். அவருக்காக அலைந்து, அவருக்காகக் கடிந்துரையும் கேட்ட அந்தப் பிள்ளையின் நெஞ்சிலேயே அவரைப் பற்றி ஓர் ஐயம் இருந்திருக்கிறது! ஆனால் அந்த ஐயம் அவருடைய கால்களைக் கட்டிப்போடவில்லை. ஐயத்தை உள்ளே வைத்துக்கொண்டே அவர் பெரியவருக்காக நடந்தார். பின்னர், எண்ணியது தவறு என்று வாய்விட்டும் சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் அது யாருக்குத் தெரியும்?

மறுப்பொன்று எழக்கூடும். நபி யஃகூப் (அலை) அவர்கள் ஐயுறவில்லையா? மைந்தர்கள் இரவில் அழுதுகொண்டு, பொய்க்குருதி தோய்ந்த சட்டையோடு வந்தார்கள். ஓநாய் தின்றது என்றார்கள். தந்தை நம்பவில்லை, நம்பாததே சரியாயிருந்தது. உண்மைதான். அழுகிறவர்கள் எல்லாம் உண்மை பேசுகிறவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நபியின் ஐயம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஓநாய் தின்றிருந்தால் சட்டை கிழிந்திருக்குமே என்பதை அவர்கள் கண்டதாக முஃபஸ்ஸிர்கள் எழுதுகிறார்கள். கண்முன் இருந்த பொருளைக் கொண்டு எழுந்த ஐயம் அது. கண்டபின்னரும் மக்களை ஊரறியத் தூற்றவில்லை. அழகிய பொறுமையை நாடினார்கள். ரிஃபாஆ பின்னாளில் சொன்ன அதே சொல்லை, அல்லாஹ்விடமே உதவி என்பதை, அன்று அவர்களும் சொன்னார்கள்.

ஆண்டுகள் கழித்து அதே மைந்தர்கள் எகிப்திலிருந்து வந்து, இளையவன் திருடிவிட்டான் என்றார்கள். இம்முறை அவர்கள் தாம் கண்டதைத்தான் சொன்னார்கள். அவ்வூராரையும் உடன்வந்த வணிகக் கூட்டத்தையும் கேட்டுப் பார்க்கும்படியும் சொன்னார்கள். எனினும் தந்தையின் மறுமொழி முன்போலவே இருந்தது. ஒருமுறை சட்டையில் குருதி பூசியவன் மறுமுறை மெய்யாகவே குருதி சிந்தி வந்தாலும் இதுதான் நிலை. காட்சிக்காக வாழ்ந்து பழகியவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள்மேல் எழும் ஐயத்தில் அவர்களுக்கும் பங்கில்லை என்று நாம் கூறமாட்டோம். ஆனால் அக்காட்சியைக் காசும் பொழுதும் கொடுத்து வாங்கியவர்கள் நாம். வாங்கியபோது இனித்தது.

யஃகூப் (அலை) அவர்களும் அத்தோடு நின்றுவிடவில்லை. சென்று யூஸுஃபையும் அவர் சகோதரரையும் தேடுங்கள் என்று மக்களை அனுப்பினார்கள். அங்கே தேடுதலுக்கு வந்துள்ள சொல் 'தஹஸ்ஸஸூ'. ஹுஜுராத்தில் துருவிப் பார்ப்பதைத் தடுக்க வந்த சொல் 'தஜஸ்ஸஸூ'. அரபு எழுத்தில் இரண்டுக்கும் ஒரேயொரு புள்ளிதான் வேறுபாடு. மதரஸாவில் சிறுபிள்ளைகள் அந்தப் புள்ளியைத் தவறவிட்டால் நாம் பிரம்பை எடுத்த காலம் உண்டு!

ஐயம் களவு கொடுத்தவரோடு நிற்பதில்லை. மும்பை வழக்கில் ஓர் ஏழை ஓட்டுநர் ரயிலில் சென்றுகொண்டிருந்தார். காமிராவில் விழுந்த உருவத்தைப்போல் இருக்கிறார் என்று சத்தீஸ்கரின் துர்க் நிலையத்தில் பிடித்துவைத்தார்கள். அவருடைய படம் நாடெங்கும் பரவியது. மறுநாள் தாணேயில் வேறொருவர் கைதானபின் இவரை விட்டுவிட்டார்கள். அதற்குள் அவருடைய வேலை போயிற்று. பேசிவைத்திருந்த திருமணமும் நின்றது. காமிராவில் உள்ளவனுக்கு மீசை இல்லை, தமக்கு இருக்கிறது, அதைக்கூட எவரும் பார்க்கவில்லை என்று பின்னர் அவர் செய்தியாளரிடம் சொன்னார். யூஸுஃப் நபியின் வரலாற்றில் கிழியாத சட்டையைப் பார்க்க ஒரு கண் இருந்தது. இங்கே மீசையைப் பார்க்க ஒரு கண் இல்லை. தாணேயில் கைதானவர்மீது 2025 ஏப்ரலில் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அவர் குற்றவாளியா என்பதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம், நாமல்ல.

இவ்வளவையும் எழுத நமக்கு என்ன தகுதி என்று கேட்டால், தகுதியன்று, ஒரு கடன் இருக்கிறது என்றே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ஓர் அம்மாள், காலையில் கூடையின்றி வெறுங்கையோடு வந்து நின்றார். மகள் திருமணத்துக்கென்று சேர்த்த ஐந்து சவரன் நகை இரவில் போய்விட்டது என்றார். "பாய், போலீசுக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்க" என்றார். நம் உள்ளம் உடனே கணக்குப் போட்டது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் எல்லாம் இழந்தவர். இவரிடம் ஐந்து சவரன் ஏது? மகன் வெளிநாடு போகத் துடித்துக்கொண்டிருந்தான். இவரே அடகு வைத்திருப்பாரோ? நாம் வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை. "வீட்டிலேயே இன்னொரு முறை நன்றாகத் தேடிப் பாருங்களம்மா" என்றோம், அவ்வளவுதான். அவர் நம் முகத்தைப் பார்த்தார். மனுவை வேறு யாரோ எழுதிக் கொடுத்தார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து, வேறோர் ஊரில் பிடிபட்ட ஒருவன் சொன்னதைக் கொண்டு நகையில் பெரும்பகுதி ஓர் அடகுக் கடையிலிருந்து மீட்கப்பட்டது.

தீய எண்ணம் என்பது நாவு அசையாமல் உள்ளத்தாலேயே பேசும் புறம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதுகிறார்கள். முப்பது ஆண்டுகளாக அதை நாம் ஓதிக்கொடுத்து வருகிறோம். புறம் பேசியதற்கு உரியவரிடமே மன்னிப்புப் பெற வேண்டும் என்பர் ஒருசாரார். அவர் செவிக்கு எட்டாததைச் சென்று சொல்லி அவரை ஏன் நோகடிக்க வேண்டும், அல்லாஹ்விடம் பிழைபொறுக்கக் கேட்டால் போதும் என்பர் மற்றொரு சாரார். இரண்டாவது கருத்தின்மேல் நாம் இத்தனை காலம் சாய்ந்திருந்ததற்கு ஆதாரம் கிதாபில் இருந்ததா, நம் கோழைத்தனத்தில் இருந்ததா என்று இப்போது தெரியவில்லை. அவர் செவிக்கு எட்டவில்லை என்றும் சொல்ல முடியாது. அன்று அவர் நம் முகத்தைப் பார்த்தாரே.

நகை கிடைத்த செய்தியை அவரே வந்து சொன்னார். நீதிமன்றத்திலிருந்து அதைப் பெற்றுக்கொள்ள ஒரு தாளில் சாட்சிக் கையெழுத்து வேண்டியிருந்தது. இட்டோம். அவர் அதைத் திருப்பிப் பார்த்து, மடித்து, சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். "இன்னிக்கு சங்கரா நல்லா இருக்கு பாய், எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டார்.